மீனாவுக்குப் போடாத இலை

நோட்டீஸ் கொடுப்பது தபால்காரர் வேலை என்று, லாயர் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம் உங்களைப் பார்க்க ஆபீசுக்கு வந்தபோது கண்ணால் பார்த்தேன். ஒரு தம்பி, உயிலில் பெயர் இருந்த அத்தனை பேருக்கும் கடிதங்களை உறையில் போட்டு ஒட்டி, பதிவுத் தபாலுக்கு அனுப்பிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு தே தண்ணி குடிக்கப் போனார். அவரை நான் குறை சொல்லவில்லை. தே தண்ணியும் வேண்டியதுதான். ஆனால் அவர் போன பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். கிழவி கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள் என்று ஓடிவிடாதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மலாக்கா டவுனில் லாயர் ஆபீஸ்களில் பெண்கள் அபூர்வம். தமிழ்ப் பெண் என்று பார்த்தால் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். எங்கள் லாயர் கோபக்காரர், ஆனால் யோக்கியர். கறுப்புக் கோட்டுப் பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய் வைத்திருப்பார். கோபம் வந்தால் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நாள் முழுக்க மிட்டாய் தின்றுகொண்டே இருப்பார் என்றால் அவர் குணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். உயிலைக் கோர்ட்டில் பதிந்து நிறைவேற்றும் புரோபேட் கேஸ்களில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உயிலில் பெயர் உள்ள ஒவ்வொருவரிடமும் நோட்டீசை நேரில் கொடுக்க வேண்டும், அவர்கள் பாஷையில் படித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். வீட்டில் இருக்கும் பெண்களிடம் படித்துக் காட்ட ஒரு பெண் வேண்டும் என்பதற்காகவே என்னை டைப்ரைட்டரிலிருந்து எழுப்பி வெளியே அனுப்ப ஆரம்பித்தார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த சமயம் அது. ஆபீஸ் வாசலில் பிரஜா உரிமைக்கு வழி கேட்டு வருகிறவர்கள் கூட்டம். பிறந்த இடம் எது, அப்பன் பிறந்த இடம் எது என்று எல்லாரும் சாட்சி தேடி அலைந்த காலத்தில், காஜா பெராங்கிலிருந்து ஒரு குடும்பத்தின் உயில் எங்கள் மேசைக்கு வந்தது. செட்டிகள். உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இவர்கள் நாட்டுக்கோட்டைக்காரர்கள் இல்லை. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இந்த மண்ணோடு மண்ணாகக் கலந்துபோன தமிழர்கள். சாமி நம்முடைய மாரியம்மன்தான். பேச்சு மட்டும் மலாய்.

இது தெரியாமல் நான் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போன அழகைக் கேளுங்கள். நிலைப்படியில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி படம், வாசலில் நெற்றி நிறைய விபூதி பூசிய அம்மா. ஆகா, நம்ம வீடு என்று நினைத்து, வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த தமிழை மேடைப் பேச்சு மாதிரி அவிழ்த்து விட்டேன். மலாய்ப் பெண்கள் மாதிரி சாரோங் கெபாயா உடுத்தியிருந்த அந்த அம்மா நான் முடிக்கும்வரை மரியாதையாகக் கேட்டுவிட்டு, நல்ல மலாயில், "அழகா பேசுறே புள்ள. ஒண்ணும் புரியல. உள்ள வந்து உக்காரு" என்றார். அன்றிலிருந்து அவரை நான் மக்சிக் என்று கூப்பிட்டேன். மலாயில் அத்தை, சித்தி என்கிற மாதிரி. இனி இந்தக் கதையில் அவர்கள் பேசுவதெல்லாம் மலாய்தான். நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

மக்சிக்கின் கணவர் சின்னப்பா பிள்ளை (மலாக்காச் செட்டிகளில் பிள்ளைகளும் உண்டு) இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயில் சிறியது. மனைவி உயிரோடு இருக்கும்வரை வீடு அவருக்கு. பிறகு மகன் ராஜூவுக்கும் மகள் மீனாவுக்கும் சரிபாதி. கடைசியில் ஒரு வரி, அதற்கு முன்னும் பின்னும் எந்த உயிலிலும் நான் பார்க்காத வரி: "பின்வளவில் நிற்கும் மங்குஸ்தான் மரத்தின் பழங்கள் என் மகள் மீனாவுக்கு உரியவை. ஒவ்வொரு பழக் காலத்திலும் அவள் வந்து தன் கையால் பறித்துக்கொள்வாள். அவளை வாசலில் நிறுத்தக் கூடாது."

சட்டப்படி இது கொஞ்சம் கோணல்தான் என்று எங்கள் லாயரே எழுதும்போது சொன்னாராம். இருக்கட்டும், எழுதுங்கள் என்று பெரியவர் ஒரே பிடியாக நின்றாராம்.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு மகன் ராஜூவுக்கு. துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் என்று ஊரில் நல்ல பெயர். மீனாவின் முகவரியைக் கேட்டபோது அவர் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அவ செத்துட்டா, மிஸ். அப்பாவுக்கு முன்னாடியே. பிள்ளை குட்டி கிடையாது."

சான்றிதழ் கேட்டேன். கிடைக்காது என்றார். யுத்தத்தில் பாதிப் பதிவுகள் கலைந்துபோன ஊர் இது. சான்றிதழ் இல்லாத சாவுகள் அப்போது எங்களுக்குப் புதிதில்லை. குடும்பத்துப் பெரியவர் சத்தியப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தால் கோர்ட் ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆகவே, மீனா தகப்பனாருக்கு முன்பே வாரிசின்றி இறந்துவிட்டாள் என்று பத்திரம் டைப் செய்தேன். பொங்கல் முடிந்து ராஜூ வந்து அதில் சத்தியம் செய்வதாக ஏற்பாடு. டைப் செய்யும்போது மனசு கனத்தது உண்மை. மரத்தை எழுதி வைத்தவரும் போய்விட்டார், பறிக்க வேண்டியவளும் போய்விட்டாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மக்சிக்குக்கு உரிய நோட்டீசைக் கொடுக்க நான் போன நாள் போகி. அன்று செட்டிகள் வீட்டில் பர்ச்சு. இறந்துபோனவர்களைச் சாப்பிடக் கூப்பிடும் நாள். நம் வீட்டில் படையல் போடுவோமே, அந்த மாதிரிதான். ஆனால் அவர்கள் செய்கிற சிரத்தையைப் பார்த்தால் நாமெல்லாம் வெட்கப்பட வேண்டும். வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. அடுப்பில் தேங்காய்ப்பால் சோறு, புளி போட்ட மீன், கோழி. வந்த வேலையைச் சொல்லி இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பினேன். மக்சிக் விடவில்லை.

"இன்னைக்கு வாசலுக்கு வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பக் கூடாது. உன் காகிதம் எங்கேயும் ஓடிடாது. வந்து எனக்கு இலையைத் தொடைச்சுக் குடு."

துடைத்துக் கொடுத்தேன். ராஜூ பூ வாங்கக் கோயில் பக்கம் போயிருந்தார். நானும் மக்சிக்கும் மட்டும்தான். அந்த வீட்டில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் தனி இலை. மக்சிக் ஒவ்வோர் இலையாகப் போட்டு, அது யாருக்கு என்று எனக்குச் சொல்லிக்கொண்டே பரிமாறினார். இது மாமனாருக்கு, காரம் வேண்டும். இது மாமியாருக்கு, பல் இல்லாதவர், மீனில் முள் எடுத்திருக்கிறேன். இது அவருக்கு, கட்டங்காப்பியும் ஓலைச் சுருட்டும் இல்லாவிட்டால் தொடவே மாட்டார். கடைசியில் ஒரு சின்னத் துண்டு இலை. அதில் பால் சோறு ஒரு கவளம்.

"இது யாருக்கு மக்சிக்?"

"ராஜூவுக்கு முன்னாடி ஒண்ணு பொறந்துச்சு. பேரு வைக்கிறதுக்குள்ள போயிருச்சு. அது மட்டும் பசியோட நிக்கணுமா?"

என் கண் கலங்கிவிட்டது. பேர்கூட இல்லாத பிள்ளைக்கு இத்தனை வருஷம் கழித்தும் இலை போடும் கை இது. அதே நிமிஷத்தில், கலங்கிய கண்ணோடேயே, என் மூளை இலைகளைச் சுற்றி வந்தது. இந்த ஆபீஸ் புத்தி செத்த வீட்டிலும் சும்மா இருக்காது, உங்களுக்கும் அப்படித்தான் ஆகப்போகிறது. நான் கேட்டேன்.

"மீனாவுக்கு எந்த இலை?"

மக்சிக்கின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது துக்கம். வந்தது பயம்.

"உசுரோட இருக்கிறவளுக்கு யாராச்சும் இலை போடுவாங்களா? வாயைக் கழுவு புள்ள!"

பிறகு தரையில் அப்படியே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். மீனா கடற்கரைப் பக்கம் உஜோங் பாசிரில் ஒரு போர்ச்சுகீசிய வம்சத்து மீனவனைக் கட்டிக்கொண்டு போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். போனவள் சர்ச்சில் ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு ராஜூ கிணற்றடியில் நின்று, செத்த வீட்டுக்குக் குளிக்கிற மாதிரி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எனக்குத் தங்கச்சி இல்லை என்று தலைமுழுகிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயரே எடுப்பதில்லை. பெரியவர் மட்டும் மங்குஸ்தான் காய்க்கும் போதெல்லாம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாராம்.

"நான் சொன்னேன்னு ராஜூகிட்ட சொல்லிடாதே. அவன் நல்லவன். அவன் சோறுதான் நான் திங்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உயிலில் மீனாவுக்குப் பங்கு இருப்பதோ, மரம் இருப்பதோ அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகன் சொன்னதுதான் அவருக்கு உயில்.

அங்கிருந்து வெளியே வந்தபோது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாதி வீட்டுக்காக உடன்பிறந்தவளைக் கொன்றுவிட்டானே பாவி என்று பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். உங்களுக்கும் இப்படிக் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடு முடிவு மட்டும் எடுக்காதீர்கள். அடுத்த வேலை நாள் காலையில் நேராக லாயர் அறைக்குப் போனேன். மக்சிக் பெயரை எடுக்காமல், மீனா உயிரோடு இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

லாயர் ஒரு இஞ்சி மிட்டாயை எடுத்தார். "யார் சொன்னா?"

"அதைச் சொல்ல முடியாதுங்க ஐயா."

இன்னொரு மிட்டாய். "கட்சிக்காரரு நமக்கு சொன்னது ஒண்ணு. நீ ஆதாரம் இல்லாம சொல்றது ஒண்ணு. நான் எதை நம்புறது?"

"ஆளைக் கூப்பிட்டு, பொய் சொல்றீங்களான்னு நேரா கேளுங்க ஐயா."

"கேக்கலாம். கேட்டா என்ன ஆகும்? சட்டையை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போவான். டவுன்ல நான் ஒருத்தன்தான் லாயரா? இன்னொரு ஆபீஸ்ல இதே பத்திரத்துல சத்தியம் பண்ணுவான். அங்க இலை தொடைக்க எந்தப் பொண்ணும் போயிருக்க மாட்டா. கட்சிக்காரன் விஷயத்தை நாம வெளிய சொல்லவும் கூடாது. அப்புறம் அந்த மீனாவுக்கு யாரு போய்ச் சொல்வா?"

இலை துடைத்ததை நான் அவரிடம் சொல்லவே இல்லை. போகியன்று பர்ச்சு நடக்கிற வீட்டுக்குப் போனவள் காகிதத்தைக் கொடுக்காமலே திரும்பி வந்ததை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார், மனிதர். ஆனால் அவர் சொன்னது முழுக்க நியாயம். ராஜூ எழுந்து போய்விட்டால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. மக்சிக்கைச் சாட்சிக்கு இழுத்தால் அந்த வீட்டில் அவர் எப்படிச் சாப்பிடுவார்? இரண்டு பெண்களில் ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியைத் தெருவில் நிறுத்தும் வேலை அது. ராஜூ வரும்வரை எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

ராஜூ வந்தார். சுருக்கமில்லாத அதே வெள்ளைச் சட்டை. லாயர் பத்திரத்தை மலாயில் நிதானமாகப் படித்துக் காட்டினார். மீனா இறந்துவிட்டாள் என்ற வரி வந்ததும் ராஜூவின் முகத்தைக் கவனித்தேன். அதில் திருட்டு முழி இல்லை. ஆசையும் இல்லை. பல் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் பொய் சொல்வதாக நினைக்கவே இல்லை. தலைமுழுகிய அன்றைக்கே அவர் கணக்கில் தங்கச்சி செத்தாயிற்று. அவர் சத்தியம் செய்ய வந்திருப்பது அந்தக் கிணற்றடிச் சாவுக்கு. இதைப் பொய் என்று சொன்னால் சண்டைக்குத்தான் வருவார்.

லாயர் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார். என்னைப் பார்த்தார். நான் நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"ராஜூ அண்ணே, ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"கேளுங்க மிஸ்."

"உங்க பர்ச்சுல செத்தவங்க எல்லாருக்கும் இலை உண்டுன்னு கேள்விப்பட்டேன். பழக் காலத்துல இன்னொரு பர்ச்சு வருதாமே. இதுல கையெழுத்துப் போட்டப்புறம் மீனாவுக்கும் நீங்கதானே இலை போடணும், வீட்டுக்கு ஆம்பளை? அவங்களுக்கு என்ன புடிக்கும்? என்ன வைப்பீங்க?"

"மங்கு…" என்று வாய் தானாக ஆரம்பித்தது. அதோடு நின்றுவிட்டது.

 லாயர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பிரஜா உரிமைக்கு வந்தவர்கள் வரிசைக்குச் சண்டை போடும் சத்தம். ராஜூ தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உயிரோடு இருக்கிற தங்கைக்கு அந்தக் கை இலை போடுவதை நினைத்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. பேனாவை எடுத்தார். மூடியைப் போட்டார். லாயர் பக்கமே திருப்பி வைத்தார்.

"உஜோங் பாசிர்" என்றார். "சர்ச்சுக்குப் பின்னால. நீல ஜன்னல் வீடு. வாசல்ல வலை காயும். மூணு புள்ளைங்க. கடைசி பையன், எங்க அப்பா மாதிரியே காது."

தங்கையைத் தலைமுழுகியவருக்கு மருமகனின் காது வரைக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை தடவை அந்தத் தெருவில் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு போயிருப்பாரோ? பஸ்ஸில் நான் பல்லைக் கடித்ததை நினைத்து எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய மிடுக்குக்குத் திரும்பினார்.

"அவளுக்கு நோட்டீசைக் குடுங்க. பங்கு குடுக்க வேண்டியது குடுப்பேன். மரத்துக்கு வேணா வரட்டும். வீட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாது. சொல்லிருங்க."

அவர் போனதும் லாயர் அந்தப் பத்திரத்தை நாலாகக் கிழித்தார். எனக்கு ஒரு இஞ்சி மிட்டாய் கொடுத்தார். இருபது சொச்ச வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த ஒரே மிட்டாய் அது.

அடுத்த நாளே உஜோங் பாசிருக்கு பஸ் ஏறினேன். நீல ஜன்னல் வீட்டு வாசலில் ஒரு பெண் பாயில் கூனி இறாலைக் கொட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மக்சிக்கின் நெற்றி, மக்சிக்கின் மூக்கு. கழுத்தில் சிலுவை. என் கையில் ஆபீஸ் கோப்பைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"யாரு? அம்மாவா?" என்றாள்.

"இல்லை இல்லை. அம்மா நல்லா இருக்காங்க" என்று அவசரமாகச் சொன்னேன். பாருங்கள், நம்மைப் பார்த்தவுடன் ஜனங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று. இதற்குத்தான் சொல்கிறேன், வாசலில் நின்று முதலில் நல்ல வார்த்தை ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கோப்பு அப்புறம்.

விஷயத்தைச் சொன்னேன். மீனா பாயில் உட்கார்ந்து இறாலைக் கிளறிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் தலையை ஆட்டினாள்.

"எனக்கு அந்த வீட்டுல ஒண்ணும் வேணாம். வேணாம்னு எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். அப்பா செத்தப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னேன். ஒருத்தரும் வான்னு கூப்பிடல. அப்பாவே என் மேல கோவத்தோடதான் போனாரு. செத்தவரோட சொத்தை வாங்கி நான் என்ன பண்றது?"

அந்த இடத்தில் நான் வாதாடியிருக்கலாம். உங்களுக்கு உரிமை இருக்கிறது, விட்டுக்கொடுக்காதீர்கள் என்றெல்லாம் பேசியிருக்கலாம். அது என் வேலை இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் எதை வேண்டாம் என்கிறாள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். அதை முழுசாகத் தெரியப்படுத்துவதுதான் நமக்குக் கூலி கொடுக்கிற வேலை.

"வேணாம்னே எழுதிக்கிறேன், அக்கா. அதுக்கு முன்னாடி அப்பா சொன்னதைப் படிச்சுக் காட்டிடுறேன். படிக்காம கையெழுத்து வாங்கினா எங்க லாயர் என்னைத் தொலைச்சுடுவாரு."

படித்தேன். வீட்டுப் பாதி வந்தபோது அவள் இறாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மங்குஸ்தான் மரம் வந்தபோது கை நின்றது. 'அவளை வாசலில் நிறுத்தக் கூடாது' என்ற வரியை நான் முடித்தபோது, காக்கை ஒன்று வந்து பாயில் உட்கார்ந்து இறாலைக் கொத்திக்கொண்டு போனது. அவள் விரட்டவில்லை.

"இதை அப்பா எப்ப எழுதினாரு?"

"நீங்க இங்க வந்ததுக்கு அப்புறம்தான், அக்கா. ரொம்ப அப்புறம்."

"அப்ப… கோவம் இல்லையா?"

"லாயர் இப்படியெல்லாம் எழுத வேணாம்னு சொல்லியும் கேக்கலையாம். எழுதினாத்தான் ஆச்சுன்னு உக்காந்துட்டாராம்."

அவள் தோளில் கிடந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நோட்டீஸ் கொடுக்கப் போகிற கிராணி அழலாமா என்று கேட்காதீர்கள். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை, என் அப்பா வீட்டில்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவருக்கு நானே காப்பி போட்டுக் கொடுத்தேன். என்னம்மா விசேஷம் என்றார் மனிதர்.

மீனா முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வேண்டாம் என்பதற்கு இல்லை, பெற்றுக்கொண்டேன் என்பதற்கு. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மரத்துக்கு வருவேன். அப்பா குடுத்தது. வீட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன். சொல்லிருங்க."

அண்ணன் தங்கை என்பதற்கு எனக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. அதே வார்த்தை, அதே மூக்கு விடைப்பு.

நோட்டீஸ் கொடுத்தாயிற்று, கையெழுத்தும் வாங்கியாயிற்று. ஆபீஸ் கணக்கில் அந்த வேலை அன்றே முடிந்தது. ஆனால் மக்சிக்குக்கு இன்னும் முழு உயிலும் தெரியாது. அவரும் உயிலில் பெயர் உள்ளவர்தானே? போகியன்று கொடுக்காமல் வந்த காகிதம் என் கையில்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய், ராஜூவை வைத்துக்கொண்டே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மலாயில் படித்தேன். ராஜூ தடுக்கவில்லை. மரத்து வரி வந்தபோது மக்சிக் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே அவர் கேட்டது ராஜூவுக்குக் கேட்டிருக்கும்.

பழக் காலம் வந்தது. டவுனெல்லாம் கொடித் துணி தைக்கிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மெர்டேக்காவுக்குச் சில வாரங்கள்தான் இருந்தன. பழப் பர்ச்சுக்கு என்னையும் வரச் சொல்லி மக்சிக் ஆள் அனுப்பியிருந்தார். நான் போனபோது வளவு வேலிக்கு வெளியே மீனா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்னப் பிரம்புக் கூடை. பக்கத்தில் கடைசிப் பையன், ராஜூ சொன்ன அதே காதோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. ஒரு கூட்டம் வந்து தடுத்திருந்தாலும் தள்ளிக்கொண்டு போயிருப்பாள். ஒருவரும் தடுக்கவும் இல்லை, வா என்று கூப்பிடவும் இல்லை என்பதுதான் அவளை நிறுத்தி வைத்திருந்தது.

நான் முன்னால் போய்க் கதவைத் திறக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கால் எழும்பிவிட்டது. அடக்கிக்கொண்டேன். அது என் கதவு இல்லை.

ராஜூ வீட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார். கையில் நீளமான தொரட்டிக் கம்பு. புதிதாக வெட்டிய மூங்கில், நுனியில் கொக்கி, பழம் விழாமலிருக்க வலைப் பை. அவரே கட்டியிருக்க வேண்டும், விரலில் மூங்கில் கீறிய காயம் இருந்தது. வேலிக் கதவைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பை நீட்டினார்.

"உச்சிக் கிளையில இருக்கிறதுதான் பழுத்திருக்கு. உனக்கு எட்டாது."

மீனா கம்பை வாங்கிக்கொண்டாள். இருவரும் பின்வளவுக்குப் போனார்கள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்களா என்றால், "இந்தப் பக்கம்", "அது காய்", "மெதுவா", அவ்வளவுதான். பையன் விழுந்த பழங்களைப் பொறுக்கினான். மரத்தடி நாற்காலி அங்கேயே இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை.

கூடை நிறைந்தது. மீனா திரும்பிப் போவதற்காக வேலிப் பக்கம் நடந்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள், வீட்டுக்குள் போகமாட்டாளே. அப்போது பின்கட்டு வாசலில் மக்சிக் வந்து நின்றார். ஒரு கையில் பெரியவருக்குப் போட வைத்திருந்த இலை.

"எங்க போறே? முதல் பழம் உங்க அப்பாவுக்கு. உன் கையால வந்து வை."

மீனா அண்ணனைப் பார்த்தாள். ராஜூ மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தங்கைக்கு முன்பாக, தானே முதலில் படியேறி உள்ளே போனார். மீனா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

இலையில் கட்டங்காப்பி இருந்தது, சுருட்டு இருந்தது, அதன் பக்கத்தில் மங்குஸ்தான் வைத்தாள். இறந்துபோன பெரியவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று நாங்கள் எல்லாரும் வெளியே வந்து நின்றோம். மீனாவின் கூடையை மக்சிக் கையில் வாங்கி, தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"மூணு புள்ளைங்களுக்கு இது எப்படிப் போதும்? அடுத்த தடவை பெரிய கூடையா கொண்டு வா."